லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? முதலில் வாட் கணக்கைப் பாருங்கள்

லேப்டாப் வாங்கப் போகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: வேகமாக இருக்க வேண்டும், தூக்க லேசாக இருக்க வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து கிடைக்காது என்று யாராவது சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஏன் கிடைக்காது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்தக் காரணம் புரிந்துவிட்டால் விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் நீங்களே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் சூடு. ப்ராசஸர், அதாவது கணக்குப் போடும் முக்கியச் சிப், வேலை செய்ய மின்சாரம் வேண்டும், உள்ளே போன மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 15 வாட் சூட்டை ஒரு மெல்லிய மெஷினும் சின்ன ஃபேனும் சமாளித்துவிடும். 100 வாட் என்றால் செம்புக் குழாய்கள், இரண்டு ஃபேன், காற்று போய்வர இடம், அதற்கேற்ற பெரிய பேட்டரி, செங்கல் மாதிரி ஒரு அடாப்டர் என்று ஒவ்வொன்றாக ஏறி, எடையும் தடிமனும் தானாகக் கூடிவிடும். அதே வேலையைக் குறைந்த வாட்டில் முடிக்கும் சிப்புகளும் இருக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் புதிய தலைமுறையைச் சேர்ந்தவை, விலை கூடுதல். ஆக வேகம், எடை, விலை மூன்றும் தனித்தனி விஷயங்கள் இல்லை, மூன்றும் வாட்டில்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

1. ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள்

மாடல்களைத் தேடுவதற்கு முன்னால், இப்போது கையில் இருக்கும் கம்ப்யூட்டரில், அது எவ்வளவு பழசாக இருந்தாலும் சரி, ஒரு வாரம் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். நாளைக்குச் செய்யப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கும் வேலைக்குத்தான் பலரும் காசைக் கொட்டுகிறார்கள். கேம் ஆடலாம், வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசையாக வாங்கிய மெஷினில் கடைசி வரை பிரவுசரும் எக்செலும்தான் ஓடும்.

விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், நீங்கள் மும்முரமாக வேலை செய்யும் நேரத்தில், அதாவது இருபது டேப், ஒரு வீடியோ கால், பின்னால் ஒரு பெரிய ஃபைல் எல்லாம் திறந்திருக்கும்போது, மெமரி எவ்வளவு ஓடுகிறது, சிபியு, அதாவது ப்ராசஸர், எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மேக்கில் இதே வேலையை ஆக்டிவிட்டி மானிட்டர் செய்யும், அதில் மெமரி பிரஷர் என்ற வரைபடம் பச்சையிலேயே இருந்தால் நிம்மதி, மஞ்சளும் சிவப்புமாக இருந்தால் ரேம் (இந்த மெமரிதான்) போதவில்லை. சிபியு பெரும்பாலும் 10, 20 சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருந்து மெமரி மட்டும் 90ஐத் தொட்டால் உங்களுக்கு வேண்டியது பெரிய ப்ராசஸர் இல்லை, ரேம். இந்த ஒரு சோதனையே கணிசமான பணத்தை மிச்சப்படுத்தும்.

கூடவே இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் இது பையில் போகும்? அப்படிப் போகும் நாளில் சார்ஜர் செருக இடமில்லாமல் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்? "சில நாள்", "கொஞ்ச நேரம்" என்று எழுதாதீர்கள், எண்ணாகவே எழுதுங்கள்.

2. எடையை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோரும் ப்ராசஸரில் தொடங்குவார்கள். நான் எடையில் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் வாங்கிய பிறகு மாற்ற முடியாதது அதுதான். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பெரும்பாலும் மாற்றலாம், சில மெஷின்களில் ரேமைக் கூட்டலாம், திரை போதவில்லை என்றால் வெளியே ஒரு மானிட்டர் வைக்கலாம். 2.4 கிலோ லேப்டாப்பை 1.3 கிலோ ஆக்க ஒரு வழியும் கிடையாது.

பொதுவாக 13, 14 அங்குல மெல்லிய ரகங்கள் 1 கிலோவிலிருந்து 1.5 கிலோ வரை இருக்கும், 15, 16 அங்குல சாதாரண ரகங்கள் 1.6, 1.8 என்று போகும், கேமிங் ரகங்கள் 2.2ஐத் தாண்டும். விளம்பரத்தில் சொல்லும் எடையில் அடாப்டர் சேராது என்பதுதான் இதில் ஒளிந்திருக்கும் விஷயம். 65 வாட் டைப் சி சார்ஜர் கைக்குள் அடங்கும், 230 வாட் கேமிங் அடாப்டரோ தன் பங்குக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று ஏற்றிவிடும். அந்த மெஷின்களை அடாப்டர் இல்லாமல் எடுத்துப் போனால் பாதி வேகம் வீட்டிலேயே தங்கிவிடும் என்பதால் அதைத் தூக்காமலும் இருக்க முடியாது.

எண்களைப் பார்த்தால் ஒரு கிலோ வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். அதனால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நீங்கள் தினமும் எடுத்துப் போகும் பையில், வழக்கமான சாமான்களோடு, மூன்று லிட்டர் தண்ணீரைப் பாட்டில்களில் நிரப்பி வைத்து ஒரு நாள் முழுக்கச் சுமந்து பாருங்கள். கேமிங் லேப்டாப்பும் அடாப்டரும் சேர்ந்தால் ஏறக்குறைய அதுதான் எடை. மறுநாள் ஒன்றரை லிட்டர். இரண்டு நாளில் தோள்பட்டையே முடிவைச் சொல்லிவிடும்.

வாரத்தில் நான்கைந்து நாள் பையில் போகும் என்றால் அடாப்டரோடு சேர்த்து 1.7 கிலோவைத் தாண்டாதீர்கள். மாதத்துக்கு இரண்டு தடவைதான் நகரும் என்றால் எடையைப் பற்றிக் கவலையே படாமல் அந்தக் காசை வேறு எதிலாவது போடுங்கள், மேசையை விட்டு எழாத லேப்டாப்பில் எடையைக் குறைக்கக் கொடுக்கும் பணம் வீண்.

3. ப்ராசஸர் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பணம் அதிகம் வீணாகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். "ஐ5 போதுமா, ஐ7 வாங்கட்டுமா" என்று கேட்பார்கள். அந்த எண்ணை விட, பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆங்கில எழுத்துதான் முக்கியம். இன்டெல்லின் ஐ5, ஐ7 வரிசையில் யு என்று முடிந்தால் அடிப்படை 15 வாட் ரகம், ஹெச் என்று முடிந்தால் 45 வாட், ஹெச்எக்ஸ் என்றால் 55 வாட். இன்னொரு சிப் கம்பெனியான ஏஎம்டியில் யு, ஹெச்எஸ், ஹெச்எக்ஸ் என்று ஏறுவரிசையில் போகும். இது அடிப்படைக் கணக்குதான், கொஞ்ச நேரத்துக்கு இதைப் போல இரண்டு மூன்று மடங்கு வாட்டை எல்லாமே இழுக்கும், ஆனாலும் எந்த ஜாதி மெஷின் என்பதை இந்த எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு உதாரணம். இன்டெல்லின் 13ஆம் தலைமுறையில் ஐ5-1335யு என்று ஒன்று, ஐ7-1355யு என்று ஒன்று. இரண்டிலும் 2 பெரிய கோர் (சிப்புக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 8 சின்ன கோர், இரண்டும் 15 வாட். ஐ7 என்ற பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பது கொஞ்சம் கூடுதல் கிளாக் வேகமும் சற்றே பெரிய கிராஃபிக்ஸும் (திரையில் படம் காட்டும் பகுதி)தான். அதே தலைமுறையின் ஐ5-13500ஹெச்சில் 4 பெரிய கோர், 8 சின்ன கோர், வாட்டும் கூடுதல். எடிட் செய்த வீடியோவை ஃபைலாக மாற்றும் ரெண்டர், பெரிய புரோகிராம் கம்பைல் மாதிரியான வேலைகளில் இந்த ஐ5 அந்த ஐ7ஐ எளிதாகத் தாண்டும். பேட்டரியையும் அதற்கேற்பக் காலி செய்யும், அது வேறு கதை.

ஏஎம்டி இன்னும் குழப்பும். ரைசன் 7000 வரிசையில் முதல் எண் வெளிவந்த ஆண்டைக் குறிக்கும், சிப் உண்மையில் எந்தத் தலைமுறை என்பதை மூன்றாவது எண்தான் சொல்லும். ரைசன் 5 7520யு என்று பார்த்தால் புத்தம் புதியது போல இருக்கும், ஆனால் அந்த 2 ஜென் 2ஐக் குறிக்கிறது, அது 2019இல் வந்த வடிவமைப்பு, கோரும் 4தான். 7530யு என்றால் ஜென் 3, 6 கோர். 7540யு, 7640யு எல்லாம் ஜென் 4. பெட்டியின் மேல் எல்லாவற்றிலும் "ரைசன் 5" என்று ஒரே மாதிரி ஸ்டிக்கர்தான் இருக்கும். இன்டெல்லும் சளைத்ததில்லை, 2024இல் கோர் 7 150யு என்று புதுப் பெயரில் வந்தது உள்ளே பழைய 13ஆம் தலைமுறை வடிவமைப்பின் தொடர்ச்சிதான். கெட்ட சிப் இல்லை, ஆனால் புதுசு என்று சொல்லி விலையைக் கூட்டினால் ஏமாறாதீர்கள். எப்போதுமே முழுப் பெயரை, கடைசி எழுத்து வரை, கேட்டு வாங்குங்கள். "ஐ5 சார், லேட்டஸ்ட்" என்பதற்கு அர்த்தமே கிடையாது.

குறைந்த வாட்டில் நிறைய வேலை வேண்டும் என்பவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஆப்பிளின் எம் வரிசை ஒன்று, 2020 நவம்பரில் எம்1 வந்ததிலிருந்து மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது, சத்தமும் இல்லை, ஆனால் அரை மணி நேரம் தொடர்ந்து ரெண்டர் செய்தால் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படிப்பட்ட வேலை இருந்தால் ஃபேன் உள்ள மேக்புக் ப்ரோ பக்கம் போக வேண்டும். இரண்டாவது இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசை, இதில் ரேம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, பின்னால் கூட்ட முடியாது. பெயரின் கடைசி எண் 6 என்றால் 16 ஜிபி, 8 என்றால் 32 ஜிபி, அதாவது 256வி, 258வி இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ரேம்தான். மூன்றாவது குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் உள்ள விண்டோஸ் மெஷின்கள். பேட்டரி நன்றாக நிற்கும், ஆனால் இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறான ஆர்ம் வகைச் சிப் என்பதால் பழைய பிரிண்டர் டிரைவர், சில விபிஎன் மென்பொருள், ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் பாதுகாப்பு உள்ள சில ஆன்லைன் கேம்கள் இவையெல்லாம் ஓடாமல் போகலாம். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் ஒவ்வொன்றும் ஆர்மில் ஓடுமா என்று பட்டியல் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்று. ஒரே சிப் இரண்டு லேப்டாப்பில் இருந்தால் இரண்டும் ஒரே வேகம் என்று நினைத்துவிடாதீர்கள். மெல்லிய மெஷினில் அதே ஹெச் ரகச் சிப்பைத் திணித்தால் முதல் ஒரு நிமிடம் பறக்கும், பிறகு சூடு தாங்காமல் வாட்டைக் குறைத்துக்கொண்டு, பாதி விலையுள்ள தடி மெஷினுக்குப் பின்னால் நிற்கும். ரிவ்யூ பார்க்கும்போது ஒரு தடவை ஓட்டிய பெஞ்ச்மார்க்கை, அதாவது வேகச் சோதனையை, பார்க்காதீர்கள், சினிபெஞ்ச் மாதிரி ஒன்றைப் பத்து இருபது நிமிடம் விடாமல் ஓட்டி எங்கே போய் நிற்கிறது என்று காட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஓட்டியதையும் காட்டினால் அந்த ரிவ்யூவை நம்பலாம்.

4. தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்மையிலேயே வேண்டுமா?

கேம், முப்பரிமாண வேலை, கனமான வீடியோ எடிட்டிங், ஏஐ மாடல்களை மெஷினிலேயே ஓட்டுவது, இவற்றில் எதுவும் இல்லை என்றால் வேண்டாம். இப்போதைய சிப்புகளுக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் 4கே வீடியோ பார்க்கவும், சாதாரணமாக வெட்டி ஒட்டவும், போட்டோ திருத்தவும் போதும். தனி கார்டு வந்தாலே எடை, சத்தம், விலை மூன்றும் ஏறும், பேட்டரி இறங்கும்.

வேண்டும் என்றால் அங்கேயும் வாட்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓடும்படி விற்கப்பட்டது, எத்தனை வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் கம்பெனி முடிவு செய்யும். 45 வாட் மட்டும் கொடுத்த மெல்லிய 4060ஐ, முழு வாட்டில் ஓடும் 4050 முந்திவிடும். ஆகவே கார்டின் பெயரோடு டிஜிபி, அதாவது கார்டுக்குக் கொடுக்கும் வாட், எவ்வளவு என்றும் பாருங்கள், கம்பெனியின் விவரப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எங்கேயாவது போட்டிருப்பார்கள். கூடவே வீடியோ மெமரி: 4050இல் 6 ஜிபி, 4060இல் 8 ஜிபி. ஏஐ மாடல் ஓட்டுகிறவர்களுக்கு வேகத்தை விட இந்த எண்தான் தடையாக நிற்கும்.

இங்கே ஒரு மாற்று யோசனை. பையிலும் போக வேண்டும், கனமான வேலையும் செய்ய வேண்டும், ஆனால் கனமான வேலை வீட்டில் மட்டும்தான் என்றால், ஒரு சாதாரண லேசான லேப்டாப்பும் ஒரு டெஸ்க்டாப்பும் சேர்த்து எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மெல்லிய, சக்தி வாய்ந்த, தனி கார்டு வைத்த ஒற்றை லேப்டாப்பின் விலையிலேயே பல நேரம் இந்த இரண்டும் வந்துவிடும், டெஸ்க்டாப்பைப் பின்னால் பாகம் பாகமாக மாற்றிக்கொள்ளவும் முடியும்.

5. ரேம், எஸ்எஸ்டி

ரேம் 16 ஜிபி. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். 8 ஜிபியில் விண்டோஸ் சும்மா இருக்கும்போதே கிட்டத்தட்ட பாதியைத் தின்றுவிடும். ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் அடிப்படையை 16 ஜிபிக்கு ஏற்றிவிட்டது. விர்ச்சுவல் மெஷின், பெரிய வீடியோ, பெரிய டேட்டா என்று வேலை இருந்தால் மட்டும் 32.

அந்த ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா, கழற்றி மாற்றும் ஸ்லாட்டில் இருக்கிறதா என்பது விலையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு முக்கியமான கேள்வி. ஸ்லாட் இருந்தால் இப்போது குறைவாக வாங்கிப் பின்னால் கூட்டலாம். எல்பிடிடிஆர் என்று போட்டிருந்தால் அநேகமாகப் பற்றவைத்ததுதான், வாங்கும் அன்றே போதுமான அளவு எடுத்துவிடுங்கள். ஸ்லாட் உள்ள மெஷினில் ரேமை ஒரே குச்சியாகப் போட்டு விற்பார்கள், அதனால் சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் நன்றாகவே மந்தமாகும், ஏனென்றால் அதற்கென்று தனி மெமரி கிடையாது, இந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. அதே அளவில் இன்னொரு குச்சி சேர்த்தால் பாதை இரண்டாகிவிடும், குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல வேகம் அது.

எஸ்எஸ்டி 512 ஜிபி, என்விஎம்இ என்ற வேகமான ரகம். பழைய ரகமான சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், என்விஎம்இயில் மூன்றாம் தலைமுறையே 3,500 வரை போகும். நான்காம் தலைமுறை 7,000 என்று விளம்பரம் செய்வார்கள், அன்றாட வேலையில் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பைப் போட்டிருந்தால் மட்டும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள்.

6. திரையில் மிச்சம் பிடிக்காதீர்கள்

விலை குறைந்த லேப்டாப்பில் முதலில் அடிபடுவது திரைதான், ஏனென்றால் வாங்குபவர் கேட்பது ப்ராசஸரையும் ரேமையும். விவரப் பட்டியலில் "250 நிட்ஸ், 45% என்டிஎஸ்சி" என்று ஒரு வரி இருக்கும். நிட்ஸ் என்பது திரையின் வெளிச்ச அளவு, என்டிஎஸ்சி என்பது அது காட்டும் நிறங்களின் அளவு. அந்த வரியின் அர்த்தம்: ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும், சிவப்பு வெளுத்துப்போய் ஆரஞ்சு மாதிரி இருக்கும். உள்ளேயே உட்கார்ந்து டைப் அடிக்க அது ஓடும். வெளியிலும் வெளிச்சத்திலும் வேலை என்றால் 400 நிட்ஸ் பக்கம் தேடுங்கள், படம், டிசைன் வேலை என்றால் 100% எஸ்ஆர்ஜிபி (இதுவும் நிற அளவுதான்). 14 அங்குலத்தில் 1920க்கு 1200 கிடைத்தால் 1920க்கு 1080ஐ விட அதையே எடுங்கள், அந்த 120 வரி கூடுதல் உயரம் நீளமான பக்கம் படிப்பவர்களுக்கும் புரோகிராம் எழுதுபவர்களுக்கும் தினமும் உதவும். 4கே சின்னத் திரையில் தேவையில்லை, பேட்டரியைத் தின்பதுதான் மிச்சம். ஓஎல்இடி ரகத் திரை பார்க்க அழகு, ஆனால் வெளிச்சத்தைக் குறைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் மின்னும் ரகங்கள் உண்டு, சிலருக்குத் தலைவலி வரும், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கீபோர்டு, டச்பேட் இரண்டையும் விவரப் பட்டியலில் தெரிந்துகொள்ள முடியாது. காட்சிக்கு வைத்திருக்கும் மெஷினில் நோட்பேடைத் திறந்து பத்து வரி அடியுங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் கீபோர்டு தொட்டில் மாதிரி குழிகிறதா, ஒரு கையால் மூடியைத் திறந்தால் திரை ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

7. பேட்டரியை மணியில் கேட்காதீர்கள், வாட் ஹவரில் கேளுங்கள்

"18 மணி நேரம்" என்பது திரை வெளிச்சத்தைக் குறைத்து ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி எடுத்த எண். நீங்களே போடக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. பேட்டரி எத்தனை வாட் ஹவர் (அதில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) என்று பாருங்கள், அதை மெஷின் சராசரியாக இழுக்கும் வாட்டால் வகுங்கள். நல்ல யு ரகச் சிப் உள்ள 14 அங்குல மெஷின் பிரவுசரும் டைப்பிங்குமாக 7, 8 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் 56 வாட் ஹவர் பேட்டரி 7 மணி நேரம். வீடியோ காலில் அது 12, 15 ஆகிவிடும், அப்போது நான்கு மணி நேரம்தான். தனி கிராஃபிக்ஸ் உள்ள மெஷினில் 90 வாட் ஹவர் பேட்டரி இருந்தும் மதியத்துக்குள் படுத்துவிடுவது இதனால்தான், சும்மா இருக்கும்போதே அது 15, 20 வாட் இழுத்துக்கொண்டிருக்கும்.

பெரிய பேட்டரியே போட்டுவிடலாமே என்றால் 50 வாட் ஹவருக்குச் சுமார் கால் கிலோ எடை, போதாததற்கு விமான விதியும் இருக்கிறது: 100 வாட் ஹவர் வரைதான் விமான நிறுவனத்தின் தனி அனுமதி இல்லாமல் கையோடு கொண்டுபோகலாம், அதனால்தான் பெரிய மெஷின்கள் எல்லாம் 99 சொச்சத்தில் நின்றுவிடுகின்றன.

டைப் சி வழியாக சார்ஜ் ஏறுமா என்று கேட்க மறக்காதீர்கள். துளை டைப் சி மாதிரி இருப்பதால் மட்டும் சார்ஜ் ஏறும், மானிட்டர் இணையும் என்று அர்த்தமில்லை. ஏறும் என்றால் போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே 65 வாட் சார்ஜர் போதும், பையில் எடை கொஞ்சம் குறையும்.

8. விலையை எங்கே குறைப்பது

இவ்வளவும் பார்த்த பிறகு பட்ஜெட்டுக்குள் வரவில்லை என்றால், வராது, பெரும்பாலும் வராது, எதை விடுவது என்று பார்க்க வேண்டும். நான் விடும் வரிசை இது: முதலில் ஐ7, ஐ9 பெயர். அப்புறம் டச் ஸ்கிரீன், மடக்கித் திருப்பும் வசதி. "ஏஐ பிசி" ஸ்டிக்கரையும் விட்டுவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் கோபைலட் பிளஸ் என்ற ஏஐ வசதிகளுக்கு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் என்பியு, அதாவது ஏஐ வேலைக்கான தனிப் பகுதி, வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வசதிகளைத் தினமும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து எஸ்எஸ்டி அளவு, அதைப் பின்னால் மாற்றலாம். அப்புறம் சிப்பின் தலைமுறை, ஒரு தலைமுறை பின்னால் போனால் அன்றாட வேலையில் பெரிதாகத் தெரியாது, விலை நன்றாக இறங்கும், புது மாடல் வந்து பழையதை ஒதுக்கும் நேரமே வாங்க நல்ல நேரம். திரை, 16 ஜிபி ரேம், கீபோர்டு இந்த மூன்றையும் மட்டும் விட மாட்டேன்.

இன்னும் குறைய வேண்டும் என்றால் புதுப்பித்து விற்கும் ஆபீஸ் லேப்டாப்புகள். லெனோவோ திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக், இவையெல்லாம் கம்பெனிகள் மொத்தமாக எடுத்துச் சில வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பவை. கீபோர்டு, கீல், பாடி எல்லாம் அதே விலைக்குக் கிடைக்கும் புது மலிவு லேப்டாப்பை விடப் பல மடங்கு உறுதி, உதிரி பாகமும் கிடைக்கும். எடையும் 1.5 கிலோ பக்கம்தான். என்னைக் கேட்டால் குறைந்த பட்ஜெட் மாணவர்களுக்குப் புது லேப்டாப்பை விட இதைத்தான் சொல்வேன்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஓட இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதற்குக் கீழே உள்ளதை லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும் வாங்கலாம். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) பாஸ்வேர்டு போட்டிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அதன் லாகின் கேட்டால் அந்த மெஷின் இன்னும் அவர்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, வேண்டாம். மேக் என்றால் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்க வேண்டும். அப்புறம் பேட்டரி: விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் டிசைன் கெபாசிட்டி என்று ஒரு எண்ணும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று ஒரு எண்ணும் வரும். இரண்டாவது முதலாவதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

9. வாங்கி வந்த முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் நாள் எப்போது முடிகிறது என்று முதலில் குறித்து வையுங்கள், பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மோகோலையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் சிப்பின் முழுப் பெயர், ரேம் அளவு, எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது எல்லாம் பில்லில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முழுக் கறுப்பு, முழு வெள்ளைப் படத்தைத் திரை முழுக்கப் போட்டு, இருட்டு அறையில் புள்ளியோ ஓரத்தில் வெளிச்சக் கசிவோ தெரிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் எதையாவது செருகிப் பாருங்கள், கேமரா, மைக், இரண்டு ஸ்பீக்கர், எல்லா விசையும். பிறகு உங்கள் கனமான வேலையையே அரை மணி நேரம் விடாமல் கொடுங்கள். விசைகளுக்கு மேலே கை வைக்க முடியாத சூடு, ஃபேன் சத்தம், வேகம் இறங்குவது எல்லாம் அந்த அரை மணியில் தெரிந்துவிடும். அதையே சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை. லேப்டாப் பெரும்பாலும் மேசையிலேயே செருகியபடி இருக்கப் போகிறது என்றால், செட்டிங்ஸில் அல்லது கம்பெனியின் சொந்தச் செயலியில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கும், அன்றே போட்டுவிடுங்கள். எங்காவது பயணம் போகும் முதல் நாள் ராத்திரி மட்டும் அதை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றிக்கொண்டால் போதும்.